முதலாளிக்கு லீவு கிடையாது

என்னை 'முதலாளி' என்று கூப்பிட்டவர்கள் எல்லாரும் என்னிடம் வேலை வாங்கியவர்கள்தான். அதனால் இன்றைக்கும் யாராவது அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டு பக்கத்தில் வந்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. டீக்கடையில் சும்மா மரியாதைக்குச் சொன்னால்கூட நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. நாமக்கல்லில் இருந்த ஒரு கூரியர் கம்பெனி கொல்லிமலைக்குப் பார்சல் கொண்டுபோக ஆள் தேடுகிறது என்று கேள்விப்பட்டு வேலை கேட்கப் போனேன். நான் மலைக்காரன். வளைவு வளைவாக ஏறும் அந்த ரோட்டில் மழையிலும் மூடுபனியிலும் வண்டி ஓட்டத் தெரியும். மேனேஜர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். அதுவரை வேலை கேட்டுப் போன எந்த இடத்திலும் என்னை யாரும் உட்காரச் சொன்னதில்லை.

"வேலைங்கிற பேச்சே வேண்டாமுங்க. நாங்க யாருக்கும் வேலை தர்றதில்ல. உங்கள முதலாளி ஆக்குறோம்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். கொல்லிமலை லைன் முழுக்க என்னுடையது. நான் தனியாகத் தொழில் செய்கிறவன். கம்பெனி எனக்குப் பார்சல் கொடுக்கும், நான் கொண்டுபோய்ச் சேர்ப்பேன், பார்சலுக்கு இவ்வளவு என்று கிடைக்கும். வேலைக்காரன், முதலாளி என்கிற பேதமே இல்லை. இரண்டு பேரும் முதலாளிகள்.

பிறகு முதலாளியாகிய நான் செய்ய வேண்டியவற்றைச் சொன்னார். மோட்டார் சைக்கிள் என்னுடையதாக இருக்க வேண்டும். அதற்குக் கம்பெனியின் மஞ்சள் நிறத்தை என் செலவில் அடிக்க வேண்டும். கம்பெனியின் மஞ்சள் சட்டையை நானே காசு கொடுத்து வாங்கிப் போட வேண்டும். காலை எட்டு மணிக்கு மலையடிவாரத்தில், காரவள்ளியில் நிற்க வேண்டும். வேறு யாருடைய பொருளையும் வண்டியில் ஏற்றக் கூடாது. சாயங்காலம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டுக் கணக்குச் சொல்ல வேண்டும். தாடி வைக்கக் கூடாது.

"இதெல்லாம் வேலைக்காரனுக்குச் சொல்ற மாதிரி இருக்குதுங்களே?"

"முதலாளின்னா ஒரு ஒழுங்கு வேணுமில்லீங்களா" என்றார் மேனேஜர். முத்திரைத்தாளை என் பக்கம் நகர்த்தினார். "இன்னொன்னும் எழுதியிருக்குதுங்க. நீங்க விருப்பப்பட்ட ஆள வெச்சு வேலை வாங்கிக்கலாம். அது உங்க தொழில். கம்பெனி தலையிடாது."

அந்த ஒரு வரி எனக்குப் பெருமையாக இருந்தது. சுற்றிலும் பத்து ஆட்கள் நிற்க நான் அதிகாரம் செய்வதாக மனதில் ஒரு படம் ஓடியது. கையெழுத்துப் போட்டேன்.

காரவள்ளியில் ஒரு பாய் சைக்கிள் சாமான் கடை வைத்திருந்தார். நாமக்கல்லிலிருந்து முதல் பஸ்ஸில் வரும் பார்சல் மூட்டையை அவர் கடையில்தான் இறக்குவார்கள். நான் முதலாளி ஆன விஷயத்தை அவரிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த சைக்கிள் செயினைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நானுந்தான் முதலாளி. வெள்ளிக்கிழமை தொழுகைக்குக் கடையப் பூட்டிட்டுப் போறேன். யாருகிட்டக் கேட்டுட்டுப் போறேன்? நீ நாளைக்குப் பூட்டிட்டுப் போய்ப் பாரு தம்பி."

பொறாமையில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மழைக்காலம் அந்த மஞ்சள் வண்டியை ஓட்டினேன். ஏறும்போது மூட்டை நிறைய இருக்கும். பேங்க் காகிதங்கள், ஆஸ்பத்திரிக்கு மருந்துப் பெட்டி, பள்ளிக்கூடத்துக்குக் கேள்வித்தாள், திருப்பூரில் பனியன் தைக்கப்போன பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பும் துணி. இறங்கும்போது காலி மூட்டை பின்னால் படபடவென்று அடித்துக்கொண்டு வரும். மலையிலிருந்து கூரியர் அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. மேனேஜருக்கு அது பெரிய மனக்குறை. "லோடு கீழயும் வரோணுமுங்க முதலாளி. காலி மூட்டைக்கா நாம தொழில் நடத்துறோம்?" என்பார். ஒரு தரம் காய்ச்சலில் படுத்துவிட்டு மறுநாள் போன் செய்தபோது, "முதலாளிக்குக் காய்ச்சல் வந்தா கம்பெனி என்ன பண்ணுமுங்க?" என்று உண்மையிலேயே பதில் எதிர்பார்ப்பவர் போலக் கேட்டார்.

மலைமேல் அரியூர் நாடு என்கிற பகுதியில் ஒரு பால்வாடி இருந்தது. அங்கே டீச்சராக இருந்த பெண்தான் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு வரும் பார்சலையும் கையெழுத்துப் போட்டு வாங்கி வைப்பாள். ஒரு நாள் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"நீங்க அந்தக் கம்பெனியில வேலை செய்யறீங்களா?"

"இல்லீங்க. நான் முதலாளி."

"அப்புறம் ஏனுங்க இந்த ஓட்டம் ஓடறீங்க? வந்தா ஒரு நிமிசம் உக்கார மாட்டேங்கறீங்க."

எனக்குப் பதில் தெரியவில்லை. மலை இறங்கும் வரை அதையே யோசித்தேன். காரவள்ளி வந்து சேர்ந்தபோது, கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று முடிவாகியிருந்தது. ஒரு கேள்விக்குப் பதில் தெரியாததற்காகக் கல்யாணம் செய்துகொண்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

என் அம்மா போய்ப் பேசினாள். பெண்ணின் அப்பா மரவள்ளியும் சாமையும் மிளகும் விளைவிக்கிறவர். மனைவி இறந்துபோனவர். ஒரே மகள். சம்மதித்து, நிச்சயத்துக்கு நாள் குறித்தார். அன்றைக்குப் பார்த்து மேனேஜர், ஆஸ்பத்திரிக்கு அவசர மருந்து வருகிறது, முதலாளி வராமல் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். மருந்தை இறக்கிவிட்டு நான் ஓடியபோது எல்லாரும் கலைந்து போயிருந்தார்கள். அம்மா மட்டும் வெற்றிலைத் தட்டோடு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை.

பெண்ணின் அப்பா இன்னொரு நாள் குறித்துச் சொல்லி அனுப்பினார். புதன்கிழமை. அதற்கும் மாப்பிள்ளை வரவில்லை என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லி அனுப்பினார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. மழை வரும் என்று சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாராம்.

நாமக்கல்லுக்கே போய் மேனேஜர் முன்னால் நின்றேன்.

"புதன்கிழமை ஒரு நாள் லீவு வேணுமுங்க. எனக்கு நிச்சயம்."

அவருக்கு நிஜமாகவே சந்தோஷம். எழுந்து கை கொடுத்தார். டீ வாங்கிவரச் சொன்னார். பிறகு உட்கார்ந்து, "ஆனா லீவு எப்படீங்க குடுக்கறது?" என்றார்.

"ஏனுங்க?"

"லீவு தொழிலாளிக்குத்தானுங்க உண்டு. நீங்க முதலாளி. முதலாளிக்கு முதலாளி லீவு குடுக்க முடியுமா? நாளைக்கு லேபர் ஆபீசர் வந்து, நீங்க அவருக்கு லீவு குடுத்திருக்கீங்க, அப்ப அவரு உங்க தொழிலாளின்னு புடிச்சுக்கிட்டா?"

"சரிங்க, அப்ப நானே லீவு எடுத்துக்கறேன்."

"தாராளமா எடுத்துக்குங்க. லைன வேற ஆளுக்குக் குடுத்துருவோம்."

டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன். அந்த டீயை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது. குடித்துவிட்டாவது வந்திருக்கலாம்.

வேறு வழி தெரியாமல் பால்வாடி வாசலில் நின்று எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அவள் அப்பாவிடம் சொன்னாள். மறுநாள் மலை பஸ் கண்டக்டர் என் வண்டியை நிறுத்தி, பெண் வீட்டிலிருந்து வந்த சேதியைச் சொன்னார். "புதன்கெழமைக்கு மாத்தாள் வருதாம். சட்டையையும் மூட்டையையும் பாய் கடையில வெச்சுட்டு நீ நேரா ஊட்டுக்கு வந்துருவியாம்."

எங்கள் மலையில் அது வழக்கம்தான். நாற்று நடவோ கிழங்கு வெட்டோ, இன்று நான் உங்கள் காட்டுக்கு வந்தால் நாளை நீங்கள் என் காட்டுக்கு வர வேண்டும். வர முடியாதவர் வீட்டிலிருந்து இன்னொருவரை அனுப்புவார். அவர்தான் மாத்தாள். எனக்கு உயிர் வந்தது. விருப்பப்பட்ட ஆளை வைத்துக்கொள்ளலாம் என்றுதான் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறதே. பெண் வீட்டார் யாரோ வாட்டசாட்டமான ஆளை அனுப்புகிறார்கள் என்று நினைத்து, சட்டையைத் துவைத்து மடித்துப் பாய் கடையில் வைத்து, வண்டியையும் அங்கேயே நிறுத்தினேன். எந்தெந்த வீடு எங்கே இருக்கிறது என்று பாயிடம் சொல்லிவைத்துவிட்டு, முந்தின நாளே பஸ்ஸில் மலையேறி அம்மாவிடம் போய்விட்டேன்.

புதன்கிழமை காலை உறவுக்காரர்களோடு பெண் வீட்டுக்குப் போனோம். சமையல் நடந்தது. பாய் விரித்திருந்தது. ஊர்ப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் அப்பாவை மட்டும் காணோம். போன தடவை நான் வராததற்குப் பழிவாங்குகிறார் என்று என் சித்தப்பா காதைக் கடித்தார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அவள் கதவோரம் வந்து மெதுவாகச் சொன்னாள். "அப்பா உங்க மூட்டைய எடுத்துட்டுப் போயிருக்குதுங்க."

"அவரா? அவர் இல்லாம எப்படீங்க நிச்சயம் நடக்கும்?"

"நானும் அதத்தாங்க கேட்டேன். உங்க வேலை நாளு எங்க ஊட்டுக்கு வருது, அப்ப மாத்தாள் எங்க ஊட்டுலிருந்துதான் போகோணுமாம். ஊட்டுல வேற யாரு ஆம்பள இருக்காங்கன்னு என்னையே திருப்பிக் கேக்குது."

முறைப்படி அவர் சொன்னது சரி. மாப்பிள்ளை வர வேண்டும் என்பதற்காகப் பெண்ணின் அப்பா போய்விட்டார். பெரியவர்கள் தலையை ஆட்டி ஆமோதித்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டார்கள்.

அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பஸ்ஸிலும் நடையிலும்தான் போயிருந்தார். பகல் முழுக்க ஒவ்வொரு பஸ்ஸாக வந்து எங்களுக்குத் தகவல் சொன்னது. செம்மேட்டில் பேங்குக்குள் உட்கார்ந்திருக்கிறார், எழுந்திருக்க மாட்டேன் என்கிறார் என்றது ஒரு பஸ். ஆஸ்பத்திரியில் நர்ஸோடு வாக்குவாதம் என்றது அடுத்தது. தலையில் ஒரு பலாப்பழத்தோடு நடந்து வருகிறார், ஏறச் சொன்னால் இன்னும் இரண்டு வீடு பாக்கி என்கிறார் என்றது மூன்றாவது. பார்சல் கொடுக்கப் போனவர் பலாப்பழத்தோடு ஏன் நடக்கிறார் என்று யாருக்கும் விளங்கவில்லை.

வெயில் தாழ்ந்த பிறகு வந்து சேர்ந்தார். வேட்டிக்கு மேல் என் மஞ்சள் சட்டை. காலையில் கொண்டுபோனதைவிட மூட்டை பெரிதாக இருந்தது. வாசலில் இறக்கி வைத்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"இது திருப்பூருப் பையனுக்கு. அவன் துணி அனுப்பிச்சான், அவங்கம்மா பழம் குடுத்தா. இது மொளகு. இது தேனு, சேலத்துல கடைக்காரருக்கு." ஒரு காலண்டரை விரித்துக் காட்டினார். "இது பேங்குக்காரங்க குடுத்தது. பெரிய பேங்குக்குச் சேக்கோணும். மொதல்ல தர மாட்டேன்னாங்க. வந்த கைய வெறுங்கையா அனுப்பலாமான்னு உக்காந்துட்டேன்." கடைசியாக ஒரு பாட்டில். "ஆஸ்பத்திரியில ஒண்ணுமே இல்லைன்னுட்டு இத எடுத்துக் குடுத்தாங்க. மருந்து அனுப்புனாங்கல்ல, அவிங்களுக்கு."

இருமல் மருந்து. மருந்துக் கம்பெனிக்கு.

எங்கள் மலையில் பலகாரம் வந்த பாத்திரத்தை யாரும் காலியாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. அவர் பார்சலையும் அப்படித்தான் நினைத்திருந்தார். நான் மூன்று வருடமாகக் கொடுத்துவிட்டு ஓடியதைக் கேள்விப்பட்டு, எப்பேர்ப்பட்ட மரியாதை தெரியாத தொழில் என்று வருத்தப்பட்டாராம்.

நான் சிரிப்பதா அழுவதா என்று நிற்கும்போது ஒரு டாக்ஸி வந்து நின்றது. மேனேஜர் இறங்கினார். மலைப் பாதையில் வாந்தி எடுத்து முகம் வெளுத்திருந்தது. காலண்டர் கேட்டு ஒரு ஆள் பேங்கில் உட்கார்ந்திருக்கிறார் என்று கம்பெனிக்குப் போன் போயிருந்தது. விருந்துக்கு வந்தவர் என்று நினைத்து யாரோ அவருக்கு இலை போட்டுவிட்டார்கள்.

"சாப்பிட வரலீங்க" என்று என்னைப் பார்த்தார். "யாரைக் கேட்டு வேற ஆள அனுப்பிச்சீங்க?"

என் வருங்கால மாமனார் முன்னால் வந்தார். "உக்காருங்க சாமி. இந்தப் பையன் உங்க ஆளுங்களா?"

உறவு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆமாம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குக் கௌரவமாக இருந்திருக்கும். அவர் பதறிப்போய் இரண்டு கைகளையும் ஆட்டினார். "இல்லவே இல்லீங்க. எங்களுக்கும் அவருக்கும் சம்பந்தமே கெடையாது. அவரு தனி முதலாளி."

"சம்பந்தம் இல்லைன்னா அவரு யார அனுப்புனா உங்களுக்கென்னுங்க?"

மேனேஜர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பலாப்பழம், மிளகு, தேன். கொல்லிமலையிலிருந்து கீழே இறங்கப்போகும் முதல் லோடு. வாந்தி எடுத்த முகத்தில் களை வந்துவிட்டது.

"இவ்வளவும் ஒரே நாள்லீங்களா?"

"ரெண்டு ஊட்டுல ஆளில்லீங்க. இல்லைன்னா இன்னும் வந்திருக்கும்."

அவர் பையைத் திறந்தார். அந்த மனிதர் முத்திரைத்தாள் இல்லாமல் வெளியே போவதே இல்லை போலிருக்கிறது. "பெரியவரே, கொல்லிமலை லைன நீங்களே எடுத்துக்குங்க. உங்கள முதலாளி ஆக்குறோம்."

என் நிச்சயத்துக்கு விரித்த பாயில் உட்கார்ந்து, தனக்குப் போட்ட இலையை ஒதுக்கிவைத்துவிட்டு, என் பிழைப்பை என் மாமனாருக்கே எழுதினார். என்னிடம் திரும்பி, "உங்க ஒப்பந்தம் இன்னியோட முடியுதுங்க, முதலாளி. எப்ப வேணாலும் முடிச்சுக்கலாம்னு எழுதியிருக்குதுங்க" என்றார். அப்போதும் அந்த 'முதலாளி'யை விடவில்லை.

மாமனார் என்னைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார். "நான் ஒப்பலைன்னா இதெல்லாம் போய்ச் சேருமுங்களா?"

"லைன்காரர் கையால வந்தாத்தானுங்க ஏத்துவோம்."

"பையனுக்குக் குடுத்துருவேன்னு அவங்கம்மாகிட்டச் சொல்லிப்போட்டேன்" என்றார். மெதுவாக எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார்.

அம்மா வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வேலை இல்லாதவனுக்கு எதை நம்பிப் பெண் கொடுப்பார்கள் என்று என் பக்கத்து ஆட்களே முணுமுணுத்தார்கள். எனக்கு அழுகை முட்டியது. வராதபோது பெண் போக இருந்தது, வந்தபோது வேலை போயிருந்தது. இந்த மேனேஜரையும் சேர்த்து டாக்ஸியை உருட்டிவிடலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன்.

மாமனார் கையெழுத்தின் மை காய ஊதிக்கொண்டே கேட்டார். "இப்ப நான் முதலாளிங்களா?"

"ஆமாங்க."

"ஆளு வெச்சுக்கலாமுங்களா?"

"யார வேணாலும் வெச்சுக்குங்க. கம்பெனி தலையிடாது."

"அந்த ஆளுக்கு லீவு குடுக்கலாமுங்களா?"

மேனேஜர் யோசித்தார். "அது உங்க இஷ்டமுங்க. எங்களுக்குச் சம்பந்தமில்ல."

அவர் மஞ்சள் சட்டையைக் கழற்றினார். மடித்து என் கையில் கொடுத்தார். வேர்வையில் நனைந்து, பலாப்பழ வாசனையோடு இருந்தது.

"சாமி, நாளையிலருந்து நீ வண்டி எடு. நீ என்ற ஆளு. இன்னிக்கு உனக்கு லீவு."

"இன்னிக்கு வேலைதான் முடிஞ்சுபோச்சுங்களே, இப்பப் போய் எதுக்குங்க லீவு?" என்று மேனேஜர் கேட்டார்.

"முடிஞ்சா என்னுங்க? பையன் கேட்டது இன்னிக்குத்தானே."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்று வருடம் முதலாளியாக இருந்தபோது கிடைக்காத ஒன்று, ஆளான அன்றைக்குக் கிடைத்தது. அம்மா தட்டை மறுபடியும் நடுவில் தள்ளினாள். பெரியவர்கள் எழுந்தார்கள். மேனேஜருக்கும் இரண்டு வெற்றிலை கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார்.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. நாளைக்கு எட்டு மணிக்குக் காரவள்ளியில் நிற்க வேண்டும், வண்டி அங்கே நிற்கிறது, பலாப்பழத்தை எப்படிக் கட்டுவது என்ற நினைப்பில் நான் பழக்கதோஷத்தில் எழுந்து கிளம்பப் பார்த்தேன். அவள் கதவோரத்தில் நின்று சிரித்தாள்.

"எங்கீங்க ஓடறீங்க? லீவுதானுங்களே. கொஞ்சம் உக்காருங்க."

உட்கார்ந்தேன்.